விலைச்சீட்டில் இல்லாத எண்: மின்சாரப் பிக்கப் அன்றாடத்துக்கும் நெடும்பயணத்துக்கும் ஒத்துவருமா?

அமெரிக்காவில் 1977 முதல் மிக அதிகமாக விற்கும் டிரக், ஃபோர்டின் எஃப் வரிசைதான். 2024இல் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்த வரிசையின் எஃப்-150 வண்டியில் பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் பேட்டரியும் இரண்டு மோட்டார்களும் பொருத்தி, ‘லைட்னிங்’ என்ற பெயரில் 2021 மே மாதம் மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரில் ஃபோர்டு அறிமுகம் செய்தது. முந்தைய நாள் அப்போதைய அதிபர் ஜோ பைடன் அதை ஓட்டிப் பார்த்தார். ஆண்டு முடிவதற்குள் முன்பதிவு ஏறக்குறைய 2 லட்சத்தைத் தொட்டது. இதற்கு மேல் தாங்காது என்று நிறுவனமே பதிவை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் உற்பத்தி தொடங்கியது. ஆனால் 2024இல் லைட்னிங்கின் விற்பனை 33,510தான். 2025 டிசம்பரில், முழு மின்சார லைட்னிங்கை நிறுத்திவிட்டு, பேட்டரியோடு பெட்ரோல் ஜெனரேட்டரும் சுமக்கும் வண்டியாக அடுத்த தலைமுறையைக் கொண்டுவரப் போவதாக ஃபோர்டு அறிவித்தது.

இதைப் பார்த்துவிட்டு, மின்சாரப் பிக்கப் சரிப்பட்டு வராது என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். விற்பனை சரிந்ததற்கு விலையும் ஒரு காரணம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 2021இல் 40,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக அறிவிக்கப்பட்ட தொடக்க விலை, 2023இன் முற்பகுதியில் 60,000 டாலரை நெருங்கியது. அந்த ஆண்டு ஜூலையில் குறைத்தபோதும் 50,000 டாலருக்குக் கீழே பெரிதாக இறங்கவில்லை. மின்வண்டி வாங்குவோருக்கு மத்திய அரசு தந்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகையும் 2025 செப்டம்பரோடு முடிந்தது. விலையை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியை மட்டும் எடை போட்டால் என்ன தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றாட ஓட்டத்துக்கு இது பெட்ரோல் பிக்கப்பை விடச் சிறந்த வண்டி. சுமையில்லாத நெடும்பயணத்துக்குப் போதுமான வண்டி. டிரெய்லரை இழுத்துக்கொண்டு தொலைதூரம் போவதற்கு ஏற்றதல்ல. இந்த மூன்றாவது உண்மையை வாங்குபவரிடம் யாரும் எண்ணாக எழுதிக் கொடுக்காததுதான் குழப்பத்தின் வேர்.

பிக்கப்பை எதற்கு ஓட்டுகிறார்கள்?

முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி, அதற்கும் பின்னால் டிரெய்லர் மாட்டும் கொக்கி: இதுதான் பிக்கப். விளம்பரங்களில் அது எப்போதும் மலையேறும், படகை இழுக்கும், மரக்கட்டை சுமக்கும். நிஜ வாழ்க்கை வேறு. வாகன உரிமையாளர்களிடம் ஆய்வு நடத்தும் ஸ்ட்ராட்டஜிக் விஷன் நிறுவனத்தின் தகவல்படி, டிரக் வைத்திருப்பவர்களில் நூற்றுக்கு 75 பேர் ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோதான் டிரெய்லர் இழுக்கிறார்கள். 35 பேர் பின்தொட்டியில் சரக்கு ஏற்றுவதே ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் இல்லை.

தூரக் கணக்கும் இதையே சொல்கிறது. அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் சராசரிப்படி ஓர் ஓட்டுநர் ஆண்டுக்குச் சுமார் 21,700 கி.மீ. ஓட்டுகிறார், நாளொன்றுக்கு 60 கி.மீ. வேலைக்குப் போய்வருவது, பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கடைக்குப் போவது என்பதே பெரும்பாலானோரின் பிக்கப் வாழ்க்கை.

அன்றாடத்தில்

லைட்னிங்கில் இரண்டு பேட்டரி அளவுகள் இருந்தன: பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 98 யூனிட் (கிலோவாட்-மணி), அல்லது 131 யூனிட். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஈபிஏ தந்த சான்றின்படி, சிறியது தொடக்கத்தில் 370 கி.மீ., பெரியது 515 கி.மீ. வரை ஓடும். உயர்ரக பிளாட்டினம் வகைக்கு 483 கி.மீ. நாளுக்கு 60 கி.மீ. ஓடுபவருக்குச் சிறிய பேட்டரியே வாரத்தின் ஆறு நாளுக்குக் கணக்கில் போதும்.

பெரிய பேட்டரி வண்டிக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, 100 கி.மீ.க்கு 30 யூனிட் என்பது ஈபிஏயின் அளவு. 60 கி.மீ.க்கு 18 யூனிட். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு 17 சென்ட் என்றால் நாள் செலவு சுமார் 3 டாலர். லிட்டருக்கு எட்டரை கி.மீ. தரும் பெட்ரோல் எஃப்-150 அதே தூரத்துக்கு ஏழு லிட்டர் குடிக்கும், காலன் 3.20 டாலர் விலையில் அது ஏறக்குறைய 6 டாலர். செலவு பாதியாகிறது. எண்ணெய் மாற்றும் வேலை கிடையாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பித் தருவதால், நின்று நின்று போகும் நகரச் சாலையில் இதன் சிக்கனம் கூடுகிறது. பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் சிக்கனம், நகரத்தில் வீண். மின்வண்டிக்கு அது அப்படியே தலைகீழ்.

வீட்டில் 240 வோல்ட், 48 ஆம்பியர் இணைப்பு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 11 யூனிட்டுக்கு மேல் ஏறும். அன்றைக்குச் செலவான 18 யூனிட்டை இரவில் இரண்டு மணி நேரத்துக்குள் நிரப்பிவிடலாம். சாதாரண 120 வோல்ட் பிளக்கில் செருகினால் இரவு முழுவதும் சார்ஜ் செய்தும் 50 கி.மீ. கிடைப்பதே பெரிது. சொந்த நிறுத்துமிடமும் 240 வோல்ட் இணைப்பும் உள்ளவர், பெட்ரோல் பங்க் பக்கம் போகாமலே மாதங்களைக் கழித்துவிடலாம்.

வேலைத்தளத்தில் இதன் பயன் இன்னும் கூடுதல். முன்னால் எஞ்சின் இல்லாததால் அந்த இடம் 400 லிட்டர் கொள்ளளவுள்ள, பூட்டக்கூடிய பெட்டியாகிவிட்டது. 180 கிலோ வரை சாமான் வைக்கலாம். வண்டியைச் சுற்றி 11 பிளக் பாயின்ட்கள், மொத்தம் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். தச்சர் ஒருவர் ஜெனரேட்டரைத் தூக்கி வராமல், அதன் இரைச்சலும் புகையும் இல்லாமல், ரம்பத்தையும் டிரில்லையும் வண்டியிலேயே செருகி நாள் முழுக்க வேலை செய்யலாம். உரிய கருவிகளைப் பொருத்தினால், மின்வெட்டின்போது வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும். நாளுக்கு 30 யூனிட் செலவழிக்கும் வீட்டை மூன்று நாள் வரை தாங்கும் என்று ஃபோர்டு கணக்கிட்டது. புயலிலும் பனியிலும் மின்கம்பிகள் அறுந்து விழும் ஊர்களில் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

அன்றாடத்திலும் இரண்டு தடைகள் இருக்கின்றன. அமெரிக்கக் குடும்பங்களில் மூன்றில் ஒன்று வாடகை வீட்டில் வாழ்கிறது. அடுக்ககத்தில் குடியிருந்து தெருவோரம் வண்டி நிறுத்துபவருக்கு மேலே சொன்ன சிக்கனத்தில் பெரும்பகுதி கிடைக்காது. அடுத்தது எடை. 2023 ஜனவரியில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிஃபர் ஹோமெண்டி, லைட்னிங் தன் பெட்ரோல் சகோதரனை விட 900 முதல் 1,350 கிலோ வரை கூடுதல் எடை கொண்டது என்பதைச் சுட்டிக்காட்டி, சிறிய கார்களில் வருவோரின் உயிர்ப் பாதுகாப்பு குறித்துக் கவலை தெரிவித்தார். அந்த எடைக்கான விலையை வண்டி வாங்காதவர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள் என்பதால், அந்தக் கவலையை நானும் பகிர்ந்துகொள்கிறேன்.

சுமையில்லாத நெடும்பயணம்

ஈபிஏ சொல்லும் 515 கி.மீ. நெடுஞ்சாலையில் கிடைக்காது. அந்த எண் ஆய்வுக்கூட உருளைகளின் மேல் ஓட்டி, திருத்தம் செய்து பெறப்படுவது. அதன் நெடுஞ்சாலைச் சுற்றில் சராசரி வேகம் மணிக்கு 78 கி.மீ.; உச்சம் 97 கி.மீ. அமெரிக்காவின் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் 110, 120 என்று ஓடுவதுதான் வழக்கம். காற்றுத் தடை வேகத்தின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. 100இலிருந்து 120க்குப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைப் பிளக்கச் செலவாகும் ஆற்றல் 44 விழுக்காடு கூடும். பிக்கப்பின் உயரமான, தட்டையான முகம் இந்தச் செலவை இன்னும் பெருக்குகிறது. ஆகவே 515ஐ 400 என்று வைத்துக்கொண்டு திட்டமிடுவதே விவேகம்.

குளிரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். வாகன ஓட்டுநர் சங்கமான ஏஏஏ 2019இல் ஐந்து மின்கார்களைச் சோதித்தபோது, மைனஸ் 7 டிகிரியில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் சராசரியாக 41 விழுக்காடு தூரம் குறைந்தது. 35 டிகிரி வெயிலில் ஏசியோடு ஓட்டியபோது குறைந்தது 17 விழுக்காடு. லைட்னிங்கில் மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் ஹீட் பம்ப் 2024 மாடலில்தான் வந்தது.

சார்ஜ் ஏறும் வேகம் மற்றொரு வரம்பு. லைட்னிங்கின் உச்சம் 150 கிலோவாட். 15 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏற 40 நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குப் பிறகு பேட்டரியைக் காப்பாற்ற வேகம் சரிந்துவிடும் என்பதால் நெடும்பயணத்தில் யாரும் நூறு வரை காத்திருப்பதில்லை. 640 கி.மீ. பயணத்தைக் கணக்குப் போடுவோம். வீட்டிலிருந்து முழு சார்ஜோடு கிளம்பி 15 விழுக்காடு மிச்சம் இருக்கும்போது நிறுத்தினால் 340 கி.மீ. வந்திருப்போம். 80 வரை ஏற்றினால் இன்னொரு 260 கி.மீ. கடைசி 40 கி.மீ.க்குப் பத்து நிமிட நிறுத்தம். ஆக, ஆறு மணி நேரப் பயணம் ஏழாகிறது. நடுவில் சாப்பிட எப்படியும் இறங்குகிற குடும்பத்துக்கு இது பெரிய இழப்பில்லை.

செலவில் மட்டும் நிலைமை மாறிவிடுகிறது. நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் யூனிட்டுக்கு 50 சென்ட் என்றால் 100 கி.மீ.க்கு 15 டாலர். பெட்ரோல் பிக்கப்புக்கு 10 டாலர் போதும். வீட்டில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைச் சாலையில் விடுகிறோம்.

சார்ஜர் வேலை செய்யுமா என்பது இன்னொரு கவலை. 2022இல் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 657 பொது விரைவு சார்ஜர் இணைப்புகளை ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தபோது, ஒழுங்காக இயங்கியவை 72.5 விழுக்காடு. மத்திய அரசு 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டத்தில் 500 கோடி டாலர் ஒதுக்கி, முக்கிய நெடுஞ்சாலைகளில் 80 கி.மீ.க்கு ஒரு நிலையம், ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு 150 கிலோவாட் இணைப்புகள், 97 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும் என்று விதித்தது. நிலைமையை உடனடியாக மாற்றியது, 2024 பிப்ரவரி கடைசியில் டெஸ்லா தன் சூப்பர்சார்ஜர்களை ஃபோர்டு வண்டிகளுக்குத் திறந்துவிட்டதுதான். அதிலும் ஒரு நடைமுறைச் சிக்கல். டெஸ்லா காரில் சார்ஜ் துளை பின்பக்க இடது மூலையில் இருக்கும். கேபிளின் நீளமும் அதற்கேற்பவே அமைந்தது. லைட்னிங்கின் துளை முன்சக்கரத்துக்கு அருகே. பல நிலையங்களில் கேபிள் எட்ட வேண்டுமென்றால் வண்டியைக் கோணலாக நிறுத்தி இரண்டு இடத்தை அடைக்க வேண்டியிருக்கிறது.

டிரெய்லர் மாட்டிய பிறகு

இதுவரை பார்த்தவை சமாளிக்கக்கூடிய குறைகள். டிரெய்லர் மாட்டியதும் விஷயம் வேறாகிறது. லைட்னிங் 4,500 கிலோ வரை இழுக்கும் என்று ஃபோர்டு சொன்னது உண்மை. இழுக்கும் திறனில் மின்மோட்டாருக்கு ஈடில்லை. நின்ற நிலையிலிருந்தே முழு விசையும் கிடைப்பதால் சரிவான படகுத்துறையிலிருந்து படகை ஏற்றுவது, ஏற்றத்தில் கிளம்புவது எல்லாம் அலட்டலில்லாமல் நடக்கும். ஆனால் எவ்வளவு தூரம்?

‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் சுமார் 2,770 கிலோ எடையுள்ள, உள்ளே தங்கும் வசதி கொண்ட கேம்பர் டிரெய்லரை மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் மூன்று மின்சாரப் பிக்கப்புகளில் இழுத்துப் பார்த்தது. லைட்னிங் பிளாட்டினம் சுமார் 160 கி.மீ. ஓடியது, ரிவியன் ஆர்1டி 177, ராட்சத பேட்டரி கொண்ட ஹம்மர் 225. லைட்னிங்கின் சான்றிதழ் தூரத்தில் இது மூன்றில் ஒரு பங்கு.

‘மோட்டார்டிரெண்ட்’ இதழின் சோதனை காரணத்தையும் காட்டியது. மூன்று கேம்பர்கள்: 1,424 கிலோ, 2,386 கிலோ, 3,274 கிலோ. கிடைத்த தூரம் முறையே 185, 161, 145 கி.மீ. எடை இரண்டு மடங்கைத் தாண்டியும் தூரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. இலேசான கேம்பரே வண்டியின் தூரத்தில் பாதிக்கு மேல் விழுங்கிவிட்டது. சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும்போது ஆற்றலைத் தின்பது பெருமளவு காற்றுதான். கேம்பரின் செங்குத்தான முகம் வண்டியின் கூரைக்கு மேலே எழுந்து நின்று காற்றை முட்டுகிறது. தாழ்வான டிரெய்லரில் செங்கல் ஏற்றிப் போவதும், உயரமான காலிப் பெட்டியை இழுத்துப் போவதும் ஒன்றல்ல. பின்தொட்டியில் வைக்கும் சுமைக்கு இந்தத் தண்டனை இல்லை: 635 கிலோ மணல் மூட்டை ஏற்றி ஏஏஏ சோதித்தபோது லைட்னிங்கின் தூரம் 447 கி.மீ.யிலிருந்து 338ஆக, அதாவது 24.5 விழுக்காடு மட்டுமே குறைந்தது.

பெட்ரோல் பிக்கப்பும் கேம்பர் இழுக்கும்போது பாதி மைலேஜை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அது சுமந்து செல்லும் ஆற்றலின் அளவு வேறு. ஒரு காலன் பெட்ரோலில் 33.7 யூனிட் ஆற்றல் இருக்கிறது என்பது ஈபிஏயின் கணக்கு. 131 யூனிட் பேட்டரி முழுவதும் நிறைந்தாலும் அதில் இருப்பது 15 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். அதைக் கொண்டு 500 கி.மீ. ஓட முடிவதே மின்மோட்டாரின் அபாரத் திறமைக்குச் சான்று. பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விடுகிறது. ஆனால் பெட்ரோல் எஃப்-150இல் 136 லிட்டர் வரை கொள்ளும் டேங்க் கிடைக்கிறது. லிட்டருக்கு 4 கி.மீ. என்று விழுந்தாலும் 540 கி.மீ. போகலாம், பிறகு ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

அதே 640 கி.மீ. பயணத்தைக் கேம்பரோடு கணக்கிடுவோம். முழு சார்ஜில் 160 கி.மீ. என்றால், 15 விழுக்காடு மிச்சம் வைத்து முதல் கட்டம் 136 கி.மீ. பிறகு ஒவ்வொரு சார்ஜுக்கும் 104 கி.மீ. ஐந்து நிறுத்தங்கள், சார்ஜுக்கு மட்டும் மூன்றரை மணி நேரம். ஒரு மணி நேரம் ஓட்டி, நாற்பது நிமிடம் நிற்கும் பயணம் அது.

நிறுத்தமும் லேசானதல்ல. பெரும்பாலான சார்ஜ் நிலையங்கள் கார் நிறுத்துமிடம் போல, மூக்கை உள்ளே விட்டுப் பின்னால் எடுக்கும் அமைப்பில் இருக்கின்றன. பெட்ரோல் பங்க் போல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் இடங்கள் குறைவு. ஆகவே ஓட்டுநர் எங்கோ ஓர் ஓரத்தில் டிரெய்லரை நிறுத்த வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியை இறக்கி, கொக்கியின் பூட்டைத் திறந்து, பாதுகாப்புச் சங்கிலிகளையும் விளக்கு வயரையும் கழற்றிவிட்டு, வண்டியை மட்டும் சார்ஜருக்குக் கொண்டுபோக வேண்டும். சார்ஜ் முடிந்ததும் பின்னால் வந்து, கொக்கியைக் குறிபார்த்துப் பொருத்தி, அத்தனையையும் மறுபடி மாட்ட வேண்டும். மழையில், இருட்டில், பிள்ளைகளோடு, ஒரே நாளில் ஐந்து முறை. இதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

பெரிய பேட்டரி தீர்வாகுமா?

ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வழியில் போனது. ஷெவர்லே சில்வராடோ மின்சாரப் பிக்கப்பின் மிகப் பெரிய பேட்டரி 205 யூனிட்; 2025 மாடலின் சான்றிதழ் தூரம் 792 கி.மீ. வரை. சார்ஜ் வேகமும் 350 கிலோவாட். ஆனால் வண்டியின் எடை 4 டன்னை நெருங்குகிறது. அதே கேம்பரை இழுத்தால் என் கணிப்பில் 250 கி.மீ. கிடைக்கும். நல்ல முன்னேற்றம்தான்; ஆனால் ஆண்டில் சில நாள் தேவைக்காக மீதி நாளெல்லாம் இவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமப்பது பணத்தையும் மூலப்பொருளையும் விரயமாக்கும், சாலைக்கும் சுமை. 2025இல் அந்நிறுவனப் பொறியாளர்கள் இதே வகை வண்டியை ஒரே சார்ஜில் 1,704 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் இல்லை; ஏசி கிடையாது. வேகமும் காற்றும்தான் தூரத்தைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டாம்.

இன்னொரு வழி, சக்கரங்களை மோட்டாரே சுழற்ற, பெட்ரோல் ஜெனரேட்டர் பேட்டரிக்கு ஊட்டம் கொடுக்கும் அமைப்பு. ராம் நிறுவனம் 2025 செப்டம்பரில் தன் முழு மின்சாரப் பெரிய பிக்கப் திட்டத்தைக் கைவிட்டு இந்த வழியைத் தேர்ந்தது: 92 யூனிட் பேட்டரி, கூடவே ஒரு வி6 ஜெனரேட்டர், மின்சாரத்தில் மட்டும் 233 கி.மீ., இரண்டும் சேர்ந்து 1,110 கி.மீ. ஃபோர்டும் அடுத்த லைட்னிங்குக்கு 1,120 கி.மீ.க்கு மேல் என்கிறது. அன்றாட 60 கி.மீ. முழுக்க மின்சாரத்தில் ஓடும். கேம்பர் நாளில் பெட்ரோல் கைகொடுக்கும். இரண்டு இயந்திரங்களின் பராமரிப்பு என்ற விலையைக் கொடுத்தாலும், அடிக்கடி தொலைதூரம் இழுப்பவருக்கு இன்றைய நிலையில் இதுவே பொருத்தமான விடை என்று நினைக்கிறேன்.

எழுத வேண்டிய எண்

இழுவைத் திறனை அளக்க வாகனத் துறைக்கு எஸ்ஏஇ ஜே2807 என்ற பொதுத் தரநிலை இருக்கிறது. அரிசோனாவின் டேவிஸ் டேம் மலைச்சாலையை அளவுகோலாக வைத்து, கடும் வெயிலில் ஏசியோடு டிரெய்லரை இழுத்து ஏற வேண்டும் என்று அது கேட்கிறது. எவ்வளவு எடையை இழுக்கும் என்பதற்கு விடை தருகிறது. எவ்வளவு தூரம் இழுக்கும் என்று அது கேட்பதில்லை. புதிய வண்டியின் ஜன்னலில் ஒட்டும் ஈபிஏ சீட்டிலும் தூரத்துக்கு ஒரே எண்தான். சுமையில்லாமல், மிதமான வேகத்தில் கிடைக்கும் எண். பெட்ரோல் காலத்தில் இந்த இடைவெளி யாரையும் உறுத்தவில்லை, ஏனெனில் அடுத்த பங்க் பக்கத்திலேயே இருந்தது. இன்று அதே இடைவெளி வாங்குபவரை நடுவழியில் நிறுத்துகிறது.

ஆகவே, குறிப்பிட்ட அளவும் உயரமும் கொண்ட ஒரு பொது டிரெய்லரை மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் இழுத்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோதித்து, அந்த எண்ணையும் ஜன்னல் சீட்டில் அச்சிடச் சட்டம் செய்ய வேண்டும். குளிர்காலத் தூரமும் அதன் பக்கத்தில் இருக்கட்டும். சார்ஜ் நிலையம் அமைப்போர், குறைந்தது ஓர் இணைப்பையாவது டிரெய்லரோடு நுழைந்து வெளியேறும்படி கட்டட்டும்.

வாங்க நினைப்பவருக்கு ஒரு சொல். கடந்த ஓராண்டில் டிரெய்லர் மாட்டிக்கொண்டு 150 கி.மீ.க்கு மேல் போன நாட்களை எண்ணிப் பாருங்கள். விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்து, வீட்டில் சார்ஜ் வசதியும் இருந்தால், தயங்காமல் மின்சாரப் பிக்கப் வாங்குங்கள்; அந்தச் சில நாளுக்குப் பெட்ரோல் வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாதந்தோறும் மாநிலம் விட்டு மாநிலம் கேம்பரோ குதிரைகளை ஏற்றும் டிரெய்லரோ இழுப்பவராக இருந்தால், முழு மின்சாரப் பிக்கப் இன்று உங்களுக்கான வண்டி அல்ல.